கவ்வாத்துக் கத்தியில் செய்த மை

டிசம்பர்ப் பௌர்ணமியான உந்துவப் போயாவோடு இலங்கையின் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் தொடங்கும். நல்லதண்ணியிலிருந்து உச்சி வரைக்கும் படி நெடுக விளக்குப் போடுவார்கள். எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, மஸ்கெலியாப் பக்கம். மூட்டம் இல்லாத இரவில் ஸ்தோப்பில், முன் திண்ணையில், நின்று பார்த்தால், இருட்டில் யாரோ வெண்கட்டியால் ஒரு கோணல் கோடு இழுத்த மாதிரி அது தெரியும். போன வருஷம் அந்த விளக்கு எரிந்த முதல் இரவில்தான், தையல் மெஷின் பலகையின் மேல் கொப்பியை வைத்து வரைய உட்கார்ந்தேன். இன்றைக்கு மறுபடியும் விளக்கு எரிகிறது.

இடையில் நிறைந்தவை, சித்திரக் கொப்பி நான்கு, பாட்டுக் கொப்பி ஒன்று. தப்பு மேளம் அடிக்கப் பழகியது பாதியில் நிற்கிறது. குரோஷே ஊசியும் நூலும் வாங்கினேன், ஒரு தொப்பியோடு அது முடிந்தது. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சித்திரம் எனக்குப் பாடமாக வந்ததில்லை, ஆசையாகத்தான் வந்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வர்ணப் பெட்டி விலை ஏறிய ஏற்றத்தில், நல்ல பெட்டி ஒன்று வாங்குவது வீட்டுச் சாமானில் கை வைக்கும் காரியமாகிவிட்டது. ஆகவே பென்சிலோடு ஆரம்பித்தேன். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, விடியற்காலை இருட்டில் என் முழங்கை பட்டு சாயத்தண்ணி, பால் விடாத தேத்தண்ணி, கொப்பியில் கொட்டியது. துடைத்து எடுத்தேன். நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் கறுத்து, ஒரு மலை உட்கார்ந்திருந்தது. எங்கள் மலைக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் எந்தப் பெட்டியில் கிடைக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

அப்பா ஸ்டோரில், தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். வாட்டுவது, அரைப்பது, பதப்படுத்துவது, சலிப்பது என்று எல்லா இடத்திலும் நின்றிருக்கிறார். ஸ்டோருக்குள்ளே இருக்கும் ரோதமுனிச் சாமிக்கு வருஷத்துக்கு ஒருமுறை பூசை வைக்கும்போது முன்னுக்கு நிற்பவரும் அவர்தான். தூளை உள்ளங்கையில் கொட்டிப் பெருவிரலால் தேய்த்தாலே இன்ன ரகம் என்று சொல்லிவிடுவார். நான் சாயத்தில் வரைகிறேன் என்றதும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் ஒரே அளவு மூன்று கோப்பை எடுத்து, மூன்று ரகத் தூள் போட்டு, ஒரே நேரம் ஊற வைத்து, வரிசையாக வெளிச்சத்தில் பிடித்தார். பிஓபி செம்பு நிறத்துக்குப் போனது. பிஓபிஎப் இன்னும் அடர்த்தி. டஸ்ட் போட்ட கோப்பை, அடுப்பில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டதும், பழைய நிலைக்கதவின் நிறத்துக்கு வந்துவிட்டது. தூள் பொடியாகப் பொடியாகச் சாயம் சீக்கிரம் இறங்கும் என்பது பாடத்தில் நான் சொல்லிக்கொடுக்கும் விஷயம்தான். ஆனால் அதை அப்பாவின் கையில் பார்த்தது அன்றைக்குத்தான்.

பழுப்பு கிடைத்தது. கறுப்பு கிடைக்கவில்லை. இருட்டுக் காம்பராவை, எங்கள் லயத்து அறையை, எப்படி வரைவது? அடுப்பு மூலையை எப்படி வரைவது? கரித்தூளைக் குழைத்துப் பார்த்தேன், காய்ந்ததும் உதிர்ந்தது. பிறகுதான் கடுக்காய் மை நினைவுக்கு வந்தது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்கிற வழக்கம் நம் ஆட்களிடம் இருந்தது. கடுக்காயின் துவர்ப்பில் இருக்கும் தனின், அன்னபேதியில் இருக்கும் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். தேயிலையிலும் தனின் இருக்கிறது. இரும்புக்கு எங்கே போவது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. தாத்தா தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துக் கத்தி ஸ்தோப்புக் கூரைச் சட்டத்தில் செருகியபடி துருப்பிடித்துக் கிடந்தது.

அந்தத் துருவைச் சுரண்டி எடுத்தேன். ஒரு ஜாம் போத்தலில் போட்டு, பழைய ஆணி நாலைந்தையும் சேர்த்து, வினாகிரி ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து எட்டு நாள் விட்டேன். தெளிவு லேசான தேன் நிறத்துக்கு வந்தது. அதில் ஒரு தேக்கரண்டியை, சுண்டக் காய்ச்சிய டஸ்ட் சாயத்தில் விட்டதும், பழுப்பு கண்முன்னால் சாம்பலாகி, சாம்பல் கறுப்பானது. தாளில் வைத்தபோது முதலில் வெளிறித்தான் விழுந்தது. காற்றுப் பட்டுக் காய்ந்த பிறகு, அரை மணி நேரத்தில், நன்றாக ஊறிய கறுப்பு. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். போத்தலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒங்க தாத்தா கத்தியா?" என்றார். "ஆமாப்பா" என்றேன். வேறெதுவும் சொல்லாமல் மீதியிருந்த கத்தியைத் துடைத்து எண்ணெய் பூசி, இருந்த இடத்திலேயே செருகினார். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

இரும்பு ஊறிய வினாகிரியை அதிகம் விட்டால் தாள் நாளாவட்டத்தில் உடைந்துபோகும். மார்கழியில் வரைந்த இரண்டு படங்களின் கறுத்த இடங்கள் ஆடியில் மடிப்போடு கிழிந்தன. அதிலிருந்து அளவைக் குறைத்துக்கொண்டேன்.

மூட்டம்தான் வரவேயில்லை. எங்கள் பக்கம் மூட்டம் இல்லாமல் படம் இல்லை. மலையை வரைந்துவிட்டு மூட்டத்துக்காகத் தாளை வெறுமனே விட்டால், அங்கே ஏதோ விடுபட்டுப்போன மாதிரிதான் இருந்தது. இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, கொழுந்து எடுத்து ஓய்ந்த அம்மா, "தேசிக்கா போட்டுப் பாரு புள்ள" என்றார். "கலியாணம் காட்சின்னா நாங்க தேசிக்கா வச்சுத்தானே கை தேய்ப்போம். கொழுந்துக் கறை வேற எதுக்கும் போகாது."

சாயத்தில் நாலு சொட்டுத் தேசிக்காய், எலுமிச்சைச் சாறு, விட்டால் நிறம் வெளிறிப்போகும். அமிலத்தில் தேயிலைச் சாயம் வெளிறும், சோடா போட்டால் கறுக்கும். எனக்குத் தெரிந்த விஷயம், ஆனால் தோன்றவில்லை. வெளிறிய அந்தச் சாயத்தை ஈரத் தாளில் அகலமாக இழுத்து, அடி ஓரத்தில் மட்டும் சோடா கலந்த சாயத்தை விட்டபோது மூட்டம் வந்தது, பங்களா மேட்டிலிருந்து இறங்கி ஆற்றை மூடுகிற அதே காலை மூட்டம். அம்மாவின் விரல்களை அன்றைக்கு நெடுநேரம் பார்த்தேன். வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியும் ஆட்காட்டி விரலின் உள்பக்க வெடிப்புகளில் கறுப்பு இன்னும் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த 19 ஏக்கரிலிருந்து இன்று வரைக்கும் கொழுந்து கிள்ளிய விரல் ஒவ்வொன்றிலும் இந்தக் கறை இருந்திருக்கும். நான் போத்தலில் செய்த மை அவர்கள் கையில் முதலிலேயே இருந்தது.

எதை வரைவது என்பதில் நான் ஆரம்பத்திலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பத்தடிக்குள் இருப்பதை மட்டும்தான் வரைவேன். எங்கள் காம்பராவின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், பத்துக்குப் பன்னிரண்டு. மலையகத்தைப் படம் பிடிக்கிறவர்கள் எல்லாரும் தூரத்தில் நிற்கிறார்கள். பச்சைச் சரிவு, அதில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பும் மஞ்சளுமாகப் பெண்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பொட்டு ஒன்று என் அம்மா. முப்பத்தொரு வருஷம் அவர் அந்தச் சரிவில் நின்றபோது ரோட்டைப் பார்த்து நிற்கவில்லை. செடியைப் பார்த்து நின்றார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம், போட்டுவிடுவார்களே என்ற பயத்தோடு நின்றார்.

சித்திரையில் ஒரு போட்டிக்கு மூன்று படம் அனுப்பினேன். தலைப்பு, மலையகத்தின் எழில். நான் அனுப்பியவை தண்ணீர்ப் பீலிக்கரையில் வரிசையாக வைத்த வாளிகள், புகை படிந்த தகரக் கூரையின் உள்பக்கம், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் தொங்கும் ஏழு ஏணை, சேலைத் தொட்டில். எழில் என்ற தலைப்புக்கு இவை பொருந்தவில்லை என்று திரும்பி வந்தன. எனக்கு மிகவும் வலித்தது. அந்த ஏழு ஏணையும் ஒன்றோடொன்று முட்டாமல், அந்தந்தத் தாயின் பழைய சேலை நிறத்தோடு தொங்குவதைவிட எழிலான ஒன்றை நான் இந்த மலையில் பார்த்ததில்லை. சாயத்தில் சேலை நிறம் வராது, ஆகவே ஏழு விதமான பழுப்பு செய்து வரைந்திருந்தேன். அந்தப் படத்தைத்தான் இப்போது கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

பத்தடி விதியை ஒருமுறைதான் மீறினேன். பங்குனி வெயிலில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றி, பழைய மஸ்கெலியா வெளியே வந்தது. 1960களின் கடைசியில் அணை கட்டியபோது ஊரை மேலே மாற்றினார்கள், பழைய பட்டணம் தண்ணீருக்குள் போனது. நல்ல வறட்சி வந்தால் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போனேன். சேறு காய்ந்து ஓடு ஓடாக வெடித்திருந்தது. கோயிலின் கல்தூணைத் தொட்டபோது குளிர்ந்தது. அத்தனை வெயிலிலும். அப்பா சிறு பிள்ளையாக இருந்தபோது பார்த்த தெருவைக் கையால் காட்டிக்கொண்டே நடந்தார், இங்கே கடை, இங்கே பஸ் திரும்பும், இங்கேதான் தேர் நிற்கும். அவர் காட்டிய இடங்களில் எதுவும் இல்லை. வெறும் சேறுதான். நான் தூணை வரையவில்லை. அப்பா நடந்த வழியை, அவருடைய காலடித் தடத்தை மட்டும், மேலேயிருந்து பார்க்கிற மாதிரி வரைந்தேன். அந்தச் சேற்றையே ஒரு பையில் அள்ளிவந்து கரைத்து நிறமாகப் பூசினேன். சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம். இந்த வருஷம் நான் செய்ததில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனியில் தென்மேல் பருவக்காற்று மழை பிடித்தது. எங்கள் பக்கம் அது பிடித்தால் துணி காய வாரக்கணக்காகும். தகரப் பெட்டியில் வைத்திருந்த இரண்டாவது கொப்பியை ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது தாள்கள் ஒட்டிக்கிடந்தன. நடுப்பக்கங்களில் பச்சைப் பூஞ்சணம். நாற்பது படத்துக்கு மேல் போய்விட்டது. அழுதேன். மூன்று நாள் கையில் தூரிகை எடுக்கவில்லை. பிறகு என் பாட்டி, அம்மாயியின் தேயிலைப் பெட்டிதான் கைகொடுத்தது. ஒரு காலத்தில் தூள் ஏற்றுமதிக்குப் போன பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. ஈரம் படாமல் தூளைக் கடல் தாண்டிக் கொண்டுபோகச் செய்த பெட்டி. அம்மாயி அதில் கூறைச் சேலையும் பிறப்புச் சான்றிதழும் வைத்திருந்தார். இப்போது அவற்றோடு என் படங்களும் இருக்கின்றன.

அந்தப் பெட்டியைக் கேட்கப் போனபோதுதான் பாட்டுக் கொப்பியும் தொடங்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் நம் ஆட்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். அம்மாயியின் தங்கச்சி அந்த முதல் கணக்கில் சேர்ந்தவர். தலைமன்னாருக்குப் போகும் கோச்சி, ரயில், ஏறும்போது, இதே மாதிரி இன்னொரு பெட்டியில்தான் சாமான் கட்டிக்கொண்டு போனார். பெட்டியின் ஜோடி நீலகிரிப் பக்கம் எங்கோ இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டே அம்மாயி ஓர் ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தார், எடுத்தவுடன் நிறுத்திவிட்டார். பாடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"வீட்டுக்குள்ள ஒப்பாரி வைக்கக் கூடாது புள்ள. சாவு இல்லாத வீட்டுல அது ஆகாது."

அடுத்த நாள் மழை விட்ட இடைவெளியில் அவரைக் கைப்பிடித்து மானாப்புல் மேட்டுக்குக் கூட்டிப்போனேன். லயத்துக்குக் கேட்காத தூரம். கல்லில் உட்கார்ந்து, கொங்காணியைத் தலையில் இழுத்துவிட்டு, மலைக்கு முகம் காட்டிப் பாடினார். போனில் பதிந்ததைப் பிறகு கேட்டால் பாதி காற்றுத்தான். ஆனாலும் தெளிவாகக் கேட்கிற இடங்கள் இருக்கின்றன. ஒப்பாரியில் செத்தவரைத்தான் பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் உயிரோடு பிரிந்துபோனவர்களையும் அழைத்தார், தங்கச்சி, தங்கச்சியின் மூத்தவன், கோச்சிப் பெட்டியில் கைக்குழந்தையாகப் போன கடைசிப் பெண். ஒவ்வொரு பெயருக்கும் மூச்சை இழுத்து, பெயரை இரண்டாக உடைத்து, பின்பாதியைக் கீழே இறக்கினார். அந்த இறக்கத்தை எழுத்தில் கொண்டுவர ஒரு மாதம் முயன்றேன். கடைசியில் பெயரின் பின்பாதியை அடுத்த வரியில், கொஞ்சம் தள்ளி எழுதுவதென்று வைத்துக்கொண்டேன். படிக்கும்போது அந்த இடத்தில் நாக்கு தானாக நிற்கிறது.

ஐப்பசிக்குள் 26 பாட்டு சேர்ந்தது. தாலாட்டு, நடவுக்காலத்துத் தெம்மாங்கு, கங்காணியை ஏசும் பாட்டு, ஒப்பாரி. கண்டிச்சீமை என்ற சொல் ஒன்பது பாட்டில் வருகிறது. கண்டிப் பட்டணத்தை அது குறிக்கவில்லை, கடல் தாண்டி வந்து சேர்ந்த மலைநாடு முழுவதுக்கும் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர், நம் ஆட்களின் பாடல்களைத் தேடிச் சேர்த்து வைத்தார். அவர் அதைச் செய்திராவிட்டால் எத்தனையோ பாட்டு அந்தத் தலைமுறையோடு போயிருக்கும். என்னிடம் இருப்பது ஒரு லயத்தில் ஒரு கிழவியின் வாயில் இருந்தது மட்டும். அதையும் நான் திருத்தவில்லை. அம்மாயி "கோச்சி" என்றால் கோச்சி, "தொரை" என்றால் தொரை. முன்பு நான் பள்ளிக்கூடத்துத் தமிழுக்கு மாற்றி எழுதிய முதல் நாலு பாட்டையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மாற்றியதில் ஓசை செத்திருந்தது.

எல்லாவற்றையும் ஒருநாள் அம்மாயியை உட்கார்த்தி வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "எல்லாத்தையும் எழுதிக்கிட்டியா?" என்றார். எழுதிவிட்டேன் என்றதும், "அப்ப இனி எனக்கு மறந்தாலும் பரவால்ல" என்று வெற்றிலைப் பையை எடுத்தார்.

தப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிற அண்ணன் ஒருவரிடம் கேட்டேன், தயங்காமல் சொல்லிக்கொடுத்தார். முன்பெல்லாம் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டத்துக்கு, எழுப்பியதும் தப்புத்தான். அதே தோல், அதே குச்சி, கூத்துக்கு வேறு அடி. நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்குகிற நேரத்தில் கேட்கிற சத்தமும், ஈரக்காற்றில் தோல் தளர்ந்த பிறகு கேட்கிற சத்தமும் இரண்டு வேறு வாத்தியம் போல இருக்கும். இரண்டு அடி கைக்கு வந்தது. மூன்றாவதில் இடதுகைக் குச்சி சொன்னபடி கேட்கவில்லை. அடுத்த மாசிக்கு மறுபடியும் போவேன்.

தீபாவளிக்கு முதல் நாள், ஸ்தோப்பிலே துணி காயப்போடும் கயிற்றில் படங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். யாரையும் கூப்பிடவில்லை. முறுக்குச் சுட்ட கையோடு பக்கத்துக் காம்பரா அக்கா வந்தார், பிறகு அவருடைய மாமியார், பிறகு வேலை விட்டு வந்த பெண்கள். தங்கள் வாளியைக் கண்டுபிடித்தார்கள், தங்கள் பிள்ளையின் ஏணையைக் கண்டுபிடித்தார்கள். "இந்த ஒட்டு நான் போட்டது" என்று ஒருவர் கூரைத் தகரத்தைக் காட்டினார். வண்ணம் இல்லையே என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா கூடை மாட்டி நிற்கிற படத்துக்கு முன்னால் மட்டும் மூன்று பேர் நின்றுகொண்டே இருந்தார்கள். வேலையில் இருக்கிற ஒருவர் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். கயிறு அங்க வராது. நெத்தியில வச்சா பாரம் கழுத்த ஒடிச்சிரும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னுக்கு வரணும்." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பெண்கள் பலரும் இப்போது சாக்குப் பைக்கு மாறிவிட்டார்கள். கூடைக் கயிறு எங்கே உட்காரும் என்பது இவர்கள் தலைக்குத்தான் தெரியும். பத்தடிக்குள் வாழ்ந்தும், முப்பத்தொரு வருஷம் அம்மா சுமந்த கயிற்றை நான் நெற்றியில் வரைந்திருந்தேன்.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். அடுப்புக்கு மேலே பரணில் கிடந்த பழைய கூடையை அப்பா இறக்கித் தூசி தட்டினார். விடிய ஐந்து மணி, ஸ்தோப்பில் குளிர். அம்மா தலைத்துண்டை நாலாக மடித்து வைத்து, கயிற்றை உச்சிக்கு முன்னால் போட்டு, ஒருமுறை தோளை அசைத்தார். அவருடைய முடியில் ஒரு பள்ளம் இருக்கிறது, வகிடு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். கயிறு போய் அதற்குள் உட்கார்ந்தது. நான் மை போத்தலைத் திறப்பதற்குள், வெறுங்கூடைதான், முன்னால் செடி ஒன்றும் இல்லை, அம்மாவின் இரண்டு கையும் தானாக இடுப்பு உயரத்துக்கு வந்து முன்னால் நீண்டன. விரல்கள் விரிந்திருந்தன.

"அப்பிடியே இருங்கம்மா" என்றேன்.